கிரிக்கெட் பெட்டிங், மேட்ச் பிக்சிங், தடை சட்டம்: வடசென்னைல அடிக்கடி கேக்கற கேள்விகள்

தண்டையார்பேட்டை பக்கம் சின்னதா ஒரு மொபைல் சர்வீஸ், ரீசார்ஜ் கடை வெச்சிருக்கேன். ஐபிஎல் ஆரம்பிச்சா போதும், டெம்பர் கிளாஸ் மாத்த வர்ற பையன், அவன் போன்ல என்னதான் பண்றான்னு கேக்க வர்ற அவங்க அம்மா, ரெண்டு பேரும் ஏறக்குறைய இதே கேள்விகளத்தான் கேக்கறாங்க. வாய்ல சொன்னா பாதி மறந்துடுது, அதனால எழுதியே போட்டுடறேன், வேணும்ங்கறவங்க குரூப்ல போட்டுக்கங்க. சட்டம் பத்தி சொல்றது பொதுவான தகவல்தான், கேஸ்னு வந்துட்டா வக்கீலத்தான் பாக்கணும்.

அண்ணா, பிரண்ட்ஸுக்குள்ள நூறு இருநூறு பெட்டு கட்றது கூட குத்தமா?

ரெண்டு பேர் டீக்கடைல நின்னுக்கிட்டு இன்னிக்கு சென்னை தோத்தா டீ என் கணக்குனு பேசிக்கறத புடிக்க எந்த போலீசும் வரப்போறதில்ல. ஆனா ஒருத்தன் உக்காந்து நாலு பேர்கிட்ட காசு வாங்கி, ரேட்டு சொல்லி, அதுல கமிஷன் எடுக்க ஆரம்பிச்சா கதை வேற. சிட்டிக்குள்ள 1888ம் வருஷத்து சென்னை சிட்டி போலீஸ் சட்டம், வெளிய 1930ம் வருஷத்து தமிழ்நாடு சூதாட்ட சட்டம், இதுல இடம் குடுக்கறவன், நடத்தறவன், அங்க உக்காந்து ஆடறவன் எல்லாருக்குமே தண்டனை இருக்கு. ஆன்லைன்ல ஆடினா தமிழ்நாட்டுல 2022ல கொண்டுவந்த தனி சட்டம், ஆடறவனுக்கே 3 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம்.

இன்னொன்னு நெறைய பேருக்கு தெரியல. 1872 ஒப்பந்த சட்டம் 30வது பிரிவுப்படி பந்தயம் கட்டி பேசின பேச்சு செல்லாது. நீ ஜெயிச்சிட்ட, அவன் காசு தரல, அதுக்கு கோர்ட்டுக்கு போக வழியே கெடையாது. அதனாலதான் இந்த தொழில்ல பாக்கி வசூலுக்குனே ஆள் வெச்சிருக்கான், தகராறு அடிதடில போய் முடியுது.

எல்லாரும் ஐடி வாங்கிட்டேன் ஐடி வாங்கிட்டேன்னு சொல்றாங்களே, அது என்ன?

முன்னாடி புக்கினு ஒருத்தன் இருப்பான், நோட்டுல எழுதுவான், போன்ல ரேட்டு சொல்லுவான், அவன் மூஞ்சி யாருக்காச்சும் தெரியும். இப்ப அதெல்லாம் இல்ல. வாட்ஸ்அப்லயோ டெலிகிராம்லயோ ஒரு நம்பருக்கு ஹாய் போட்டா ஒரு லிங்க், ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்ட் வரும், அதான் ஐடி. சைட்ட நடத்தறவன் துபாய்லயோ வேற எங்கயோ இருப்பான், லைசென்ஸ் கேட்டா குராசோனு ஒரு தீவு பேர காட்டுவான். அவனுக்கு கீழ சூப்பர் மாஸ்டர், அவனுக்கு கீழ மாஸ்டர், அப்புறம் ஏஜென்ட், ஏஜென்ட்டுக்கு கீழ நம்ம தெரு பையன். நீ தோக்கற காசுல இவங்க எல்லாருக்கும் பங்கு போவுது. உனக்கு ஐடி வாங்கி குடுத்த பிரண்டு எதுக்கு தெனம் மெசேஜ் போட்டு இன்னிக்கு மேட்ச் இருக்குடா போடலயானு கேக்கறான்னு இப்ப புரியும்.

டெபாசிட் எப்படி போவுதுன்னு ஒரு தடவ பக்கத்துல நின்னு பாத்தா போதும். பேமென்ட் போகலனு ஒரு பையன் போன நீட்டினான். க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணா வர்ற பேரு ஏதோ ஒரு வடநாட்டு காய்கறி கடை. பெயில் ஆச்சு, ஏஜென்ட்கிட்ட சொன்னான், ரெண்டே நிமிஷத்துல வேற க்யூஆர் வந்துது, இப்ப பேரு ஒரு பொம்பள பேரு, பேங்க்கும் வேற. மறுபடி கேட்டா மூணாவது பேரு வரும். இந்த பேருல இருக்கறவங்க யாருமே பெட்டிங் நடத்தறவங்க இல்ல, அவங்க அக்கவுண்ட யாரோ ஓட்டறாங்க. இத பத்தி கீழ தனியா எழுதியிருக்கேன், அத மட்டுமாச்சும் கட்டாயம் படிங்க.

நல்லா கிரிக்கெட் தெரிஞ்சவன் ஜெயிக்கலாம் இல்லையா?

கணக்கு போட்டே பாத்துடலாம். ரெண்டு டீமும் சரிசமம்னு வெச்சுக்க. நியாயப்படி நூறு போட்டா ஜெயிச்சவனுக்கு இருநூறு வரணும், ஆனா சைட்ல ரேட்டு 1.90னு இருக்கும். இந்த பக்கம் ஒருத்தன் நூறு, அந்த பக்கம் ஒருத்தன் நூறு, வசூல் 200, ஜெயிச்சவனுக்கு போறது 190, பத்து ரூபா அவன்கிட்ட. மேட்ச் யார் ஜெயிச்சாலும் அந்த பத்து அவனுக்கு. அதாவது நீ போடற ஒவ்வொரு நூறுலயும் சராசரியா அஞ்சு ரூபா போயிடுது. அஞ்சு தானேன்னு தோணும். ஆனா யாரும் ஒரு தடவையோட நிறுத்தறதில்ல. ஆயிரத்துல ஆரம்பிச்சு கைல இருக்கறத திருப்பி திருப்பி 20 தடவ போட்டா சராசரியா 360 ரூபா கிட்டதான் மிஞ்சும். அதுக்குதான் மேட்ச் யார் ஜெயிப்பாங்கறதோட விடாம, ஆறு ஓவர்ல எத்தன ரன், அடுத்த விக்கெட் எப்ப, இந்த ஓவர்ல பவுண்டரி வருமானு செஷன் செஷனா வெச்சிருக்கான், இருபது தடவ சுத்தறதுக்கு ஒரு மேட்சே போதும்.

கிரிக்கெட் அறிவு இருந்தா கொஞ்சம் மெதுவா தோப்ப, அவ்ளோதான். ரொம்ப நாள் ஜெயிச்சிட்டே இருந்தா லிமிட்ட கொறைப்பான், இல்ல வித்ட்ரா குடுக்காம ஐடிய லாக் பண்ணுவான், கேக்க யார் இருக்கா?

டிவில பாத்துட்டு உடனே போட்டா முந்திக்கலாம்னு ஒருத்தன் சொல்றான், நெஜமா?

உல்டா. கிரவுண்டுல பந்து விழுந்து சில செகண்டு கழிச்சுதான் டிவில வருது, மொபைல் ஸ்ட்ரீமிங்ல இன்னும் லேட்டு. ஸ்டேடியத்துல ஆள உக்கார வெச்சு பந்துக்கு பந்து போன்ல சொல்ல வெக்கறவங்க இருக்காங்க, இதுக்கு பிட்ச் சைடிங்னு பேரு. 2021 ஐபிஎல்ல டெல்லி கிரவுண்டுல துப்புரவு வேலைக்கு வந்த ஒருத்தர இதுக்கு பயன்படுத்தினாங்கன்னு பிசிசிஐயோட ஊழல் தடுப்பு பிரிவே சொல்லுச்சு. நீ போன்ல பாத்து ரேட்டு ஏறுதேனு நெனைக்கறப்ப அந்த பந்து முடிஞ்சு போயிருக்கும்.

எல்லா மேட்சும் செட்டப்புனு சொல்றாங்களே?

இல்ல. தோத்தவன் எல்லாம் இத சொல்லிதான் மனச தேத்திக்கறான், அப்புறம் செட்டப்ப கண்டுபுடிச்சிட்டேன்னு அடுத்த நாள் இன்னும் அதிகமா போடறான். மொத்த மேட்சையும் மாத்தறது கஷ்டம், 22 பேர், அம்பயர், கேமரா எல்லாம் இருக்கு. விக்கறது சின்ன சின்ன துண்டுங்க தான், ஒரு நோபால், ஒரு ஓவர், ஒருத்தரோட ஸ்கோரு.

2000ம் வருஷம் ஏப்ரல்ல டெல்லி போலீஸ் போன் பேச்ச ஒட்டுக்கேட்டு வெளிய விட்டப்ப தென்னாப்பிரிக்கா கேப்டன் ஹான்சி குரோனியே பேர யாருமே நம்பல. அப்புறம் தென்னாப்பிரிக்கால இத விசாரிச்ச கிங் கமிஷன் முன்னாடி அவரே ஒத்துக்கிட்டாரு. அந்த வருஷம் ஜனவரில செஞ்சூரியன் டெஸ்ட்ல மழைல போன மேட்ச ரெண்டு பக்கமும் இன்னிங்ச விட்டுக்குடுத்து முடிவு வர வெச்சாரே, அதுக்கு பின்னாடி ஒரு புக்கி குடுத்தது 53,000 ராண்டும் ஒரு லெதர் ஜாக்கெட்டும். ஹெர்ஷல் கிப்ஸுக்கு நாக்பூர்ல 20 ரன்னுக்கு கீழ அவுட் ஆவறதுக்கு 15,000 டாலர் பேசினாங்க, அவர் போய் 74 அடிச்சாரு, ஒத்துக்கிட்டதுக்கே ஆறு மாசம் தடை. குரோனியேவுக்கு ஆயுள் தடை. நம்ம பக்கம் அசாருதீன், அஜய் சர்மாவுக்கு ஆயுள் தடை, அஜய் ஜடேஜாவுக்கு அஞ்சு வருஷம். அசாருதீன் தடை செல்லாதுன்னு 2012ல ஆந்திரா ஐகோர்ட் சொல்லிடுச்சு, ஜடேஜா தடைய 2003ல டெல்லி ஐகோர்ட் நீக்கிடுச்சு.

2010ல இங்கிலாந்து, பாகிஸ்தான் ஆடின லார்ட்ஸ் டெஸ்ட். மஜீத்னு ஒரு ஏஜென்ட், 1,50,000 பவுண்டு, எந்த ஓவர் எந்த பந்து நோபால்னு முன்கூட்டியே சொல்லி அதே மாதிரி மூணு நோபால். பணம் குடுத்தது வேஷம் போட்டு வந்த பத்திரிகைக்காரர். பாகிஸ்தான் பவுலர் முகமது ஆமிருக்கு அப்ப வயசு 18. பதினெட்டு வயசு, உலகத்துலயே நல்லா போடற லெப்ட் ஆர்ம் பவுலர்கள்ல ஒருத்தன், கேப்டனே வந்து இத செய்னு சொல்றப்ப அந்த பையன் யார்கிட்ட போய் சொல்லுவான்னு எனக்கு இன்னிக்கும் மனசு கேக்கல. அடுத்த வருஷம் லண்டன் கோர்ட்ல கேப்டன் சல்மான் பட்டுக்கு 30 மாசம், ஆசிப்புக்கு ஒரு வருஷம், ஆமிருக்கு 6 மாசம் சிறை.

சிஎஸ்கே ரெண்டு வருஷம் ஆடாம போனதுக்கு உண்மையான காரணம் என்ன?

நம்ம டீம்ங்கறதால மழுப்பக்கூடாது. 2013 மே 16 விடிகாலைல டெல்லி போலீஸ் ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, அங்கீத் சவான் மூணு பேர புடிச்சாங்க. டவல இடுப்புல சொருகினா அந்த ஓவர்ல ரன் குடுக்கப்போறேன்னு புக்கிக்கு சிக்னல், அதான் ஸ்ரீசாந்த் மேல போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. அதே மாசம் 24ம் தேதி மும்பை போலீஸ் குருநாத் மெய்யப்பன கைது பண்ணாங்க. அவர் சிஎஸ்கே டீமோட கிரவுண்டுல, ஏலத்துல எல்லாம் கூடவே இருந்தவரு, அப்ப பிசிசிஐ தலைவரா இருந்த சீனிவாசனோட மருமகன், சீனிவாசன் கம்பெனி இந்தியா சிமெண்ட்ஸ்தான் டீம் ஓனர். கைது ஆனதும் அவர் ஓனர் எல்லாம் இல்ல, வெறும் கிரிக்கெட் ஆர்வலருன்னு சொன்னாங்க. சுப்ரீம் கோர்ட் போட்ட முத்கல் கமிட்டி விசாரிச்சு, அவர் டீம் அதிகாரிதான், பெட்டு கட்டினதும் உண்மைதான்னு சொல்லுச்சு.

2015 ஜனவரில சுப்ரீம் கோர்ட் முக்கியமான ஒன்னு சொல்லுச்சு, கிரிக்கெட் போர்டுல பதவில இருக்கறவங்க ஐபிஎல் டீம் வெச்சுக்கலாம்னு மாத்தின விதியே செல்லாதுன்னு. அப்புறம் அதே கோர்ட் போட்ட லோதா கமிட்டி 2015 ஜூலை 14 அன்னிக்கு சிஎஸ்கே, ராஜஸ்தான் ரெண்டு டீமுக்கும் ரெண்டு வருஷம் தடை, மெய்யப்பனுக்கும் ராஜஸ்தான் டீம் ஓனர்கள்ல ஒருத்தரான ராஜ் குந்த்ராவுக்கும் கிரிக்கெட் பக்கமே வரக்கூடாதுன்னு ஆயுள் தடை. 2018ல திரும்பி வந்து கப்ப தூக்கினோம், அது சந்தோஷம்தான், ஆனா சேப்பாக்கத்துல வெயில்ல நின்னு டிக்கெட் வாங்கின நம்ம பசங்களுக்கு யாரும் ஒரு வார்த்த விளக்கம் சொல்லல, அந்த வருத்தம் இன்னும் போகல.

பிக்சிங் பண்ணா ஜெயில் கெடையாதா?

இங்கதான் நம்ம சட்டத்துல பெரிய ஓட்டை. இந்தியால மேட்ச் பிக்சிங்குனு தனியா ஒரு குற்றமே கெடையாது. ஸ்ரீசாந்த் கேஸ்ல டெல்லி கோர்ட் 2015 ஜூலைல எல்லாரையும் விடுவிச்சுது. பிசிசிஐ போட்ட ஆயுள் தடையையும் சுப்ரீம் கோர்ட் 2019ல மறுபடி பரிசீலனை பண்ண சொல்லி, அது ஏழு வருஷமா கொறஞ்சுது. கர்நாடகா பிரீமியர் லீக்ல 2019ல வீரர்கள கைது பண்ணாங்க, 2022 ஜனவரில கர்நாடகா ஐகோர்ட் மேட்ச் பிக்சிங் மோசடி பிரிவுல வராது, அது போர்டு ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டிய விஷயம்னு கேஸ ரத்து பண்ணிடுச்சு. பக்கத்துல இலங்கை 2019லயே தனி சட்டம் போட்டு குற்றமாக்கிடுச்சு. நம்மகிட்ட நூறு ரூபா போட்ட பையனுக்கு பிரிவு இருக்கு, மேட்ச வித்தவனுக்கு பிரிவு இல்ல. இத எத்தன தடவ யோசிச்சாலும் ஆத்திரமாதான் வருது.

தம்பி, என் பையன் வியாசர்பாடில புட்பால் ஆடறான், அங்கெல்லாம் இந்த ஆளுங்க வருவாங்களா?

அக்கா, பயமுறுத்தல, ஆனா தெரிஞ்சுக்கறது நல்லது. பிக்சிங் பண்றவன் தேடறது பெரிய ஸ்டார இல்ல, சம்பளம் கம்மியா, மேட்ச் ஆன்லைன்ல ஓடற இடமா பாத்துதான் வருவான். 2019ல டிஎன்பிஎல் ஆடின சில பேருக்கு யார்னே தெரியாத ஆளுங்ககிட்ட இருந்து வாட்ஸ்அப் மெசேஜ் வந்துது, அத அவங்களே சொன்னாங்கன்னு பிசிசிஐ ஊழல் தடுப்பு பிரிவு தலைவர் அஜித் சிங் பேட்டில சொன்னாரு. புட்பால்ல இத உலகம் பூரா தொழிலாவே பண்ணவரு சிங்கப்பூர் வில்சன் ராஜ் பெருமாள், 2011ல பின்லாந்துல மாட்டினாரு. 2010 செப்டம்பர்ல டோகோ நாட்டு டீம்னு சொல்லி சம்பந்தமே இல்லாத ஒரு போலி டீம் பஹ்ரைன்ல போய் ஆடி 3-0னு தோத்துது, அந்த அளவுக்கு.

நம்ம நாட்டுல குஜராத் மொலிபூர் கிராமத்துல 2022ல நடந்தது இன்னும் மோசம். வயல்ல பிட்ச் போட்டு, லைட்டு கட்டி, கூலி ஆளுங்க 21 பேருக்கு மேட்சுக்கு 400 ரூபா குடுத்து, பெரிய டீம் ஜெர்சி மாட்டி விட்டு, யூடியூப்ல லைவ் போட்டு, ரஷ்யால இருக்கறவங்கள பெட்டு கட்ட வெச்சாங்க. அம்பயர்கிட்ட வாக்கி டாக்கி, அவர் சொல்ற மாதிரி சிக்ஸு, அவுட்டு.

பையனுக்கு சொல்லி வைங்க: ஷூ வாங்கி தரேன், ஸ்பான்சர் பண்றேன், கிஃப்டுன்னு தெரியாதவன் வந்தா கோச்சுகிட்ட அன்னிக்கே சொல்லணும். பிட்ச் எப்படி, யார் ஆடப்போறா, யாருக்கு அடிபட்டிருக்குனு சும்மா கேக்கற மாதிரிதான் ஆரம்பிப்பான். பெரிய லெவல் கிரிக்கெட்ல அப்ரோச் பண்ணத சொல்லாம மறைச்சாலே தடை உண்டு.

தமிழ்நாட்டுல தடைதான் போட்டாச்சே, அப்புறம் எப்படி ஓடுது?

தடை வந்த கதை நீளம். சூதாட்டம் அரசியல் சட்டத்துல மாநில பட்டியல் 34வது இனம், அதனால ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி. இங்க 2020 நவம்பர்ல அவசர சட்டம், 2021ல சட்டம், அத அந்த வருஷம் ஆகஸ்ட்டுல சென்னை ஐகோர்ட் ரத்து பண்ணுச்சு. அப்புறம் நீதிபதி சந்துரு கமிட்டி, 2022 அக்டோபர்ல மறுபடி அவசர சட்டம், சட்டசபைல மசோதா, கவர்னர் திருப்பி அனுப்பி, 2023 மார்ச்ல மறுபடி நிறைவேத்தி, ஏப்ரல்லதான் ஒப்புதல். அந்த வருஷம் நவம்பர்ல ஐகோர்ட் ரம்மி, போக்கர் திறமை விளையாட்டு, அத தடை பண்ண முடியாது, ஆனா சூதாட்ட தடை செல்லும்னு சொல்லுச்சு. இதுக்கப்புறம் ரம்மிக்கு ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் லாகின் கூடாது, ஆதார் கட்டாயம்னு விதி. 2025 ஆகஸ்ட்ல சென்ட்ரல் கவர்மெண்டே சட்டம் கொண்டுவந்துது, திறமையோ அதிர்ஷ்டமோ காசு வெச்சு ஆன்லைன்ல எது நடத்தினாலும் 3 வருஷம் ஜெயில், ஒரு கோடி அபராதம் வரைக்கும், ஆனா இந்த சட்டத்துல ஆடறவனுக்கு தண்டனை இல்ல. ட்ரீம்11 காசு ஆட்டத்த நிறுத்திட்டு இந்திய டீம் ஜெர்சில இருந்தும் போயிடுச்சு, கம்பெனிகள் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு.

இத்தனைக்கும் அப்புறம் என்ன ஆச்சு? வரி கட்டி, பேர் விலாசம் வெச்சிருந்த கம்பெனி நின்னுடுச்சு. பேரே இல்லாத வெளிநாட்டு சைட்டு நிக்கல. ஒரு லிங்க பிளாக் பண்ணா கடைசில ஒரு நம்பர மாத்தி அடுத்த லிங்க். மகாதேவ் ஆப் உள்பட 22 ஆப், சைட்ட 2023 நவம்பர்ல சென்ட்ரல் கவர்மெண்ட் முடக்குச்சு, அத நடத்தினதா சொல்றவங்க அப்ப துபாய்ல. நம்ம போலீஸ் துபாய்க்கு போக முடியாது, அதனால ஏரியால யார் கைல போன் இருக்கோ அவன தூக்கறாங்க.

அப்ப பேசாம லீகல் ஆக்கிடலாமே?

இத சொல்றவங்க சும்மா சொல்லல. லோதா கமிட்டி சொல்லுச்சு, 2018ல சட்ட ஆணையம் 276வது அறிக்கைல, தடுக்க முடியலன்னா ஆதார், பான் இணைச்சு, பணமா வாங்காம, இத்தன தடவைதான்னு லிமிட் வெச்சு ஒழுங்குபடுத்தலாம்னு சொல்லுச்சு. லீகல் கம்பெனிக்கு கணக்கு இருக்கு, வித்தியாசமா பெட்டு விழுந்தா தெரியும். அமெரிக்கால ஜான்டே போர்ட்டர்னு ஒரு பாஸ்கெட்பால் வீரர் உடம்பு சரியில்லனு பாதில வெளிய போறதுக்கு ஆள்கிட்ட பேசி வெச்சிருந்தாரு, ஒருத்தன் 80,000 டாலர் போட்டு 11 லட்சம் டாலர் எடுக்க பாத்தப்ப கம்பெனிக்கே சந்தேகம் வந்து காச நிறுத்தி வெச்சாங்க, 2024 ஏப்ரல்ல அவருக்கு ஆயுள் தடை. இது லீகலா இருந்ததாலதான் வெளிய வந்துது, அத ஒத்துக்கணும்.

ஆனா லீகலா இருக்கற இங்கிலாந்துல ஐவன் டோனினு ஒரு புட்பால் வீரர் 232 தடவ விதி மீறி பெட்டு கட்டி 8 மாசம் தடை வாங்கினாரு, இத்தாலில டொனாலி 10 மாசம், ரெண்டுமே 2023ல. ஜெர்சி பூரா பெட்டிங் கம்பெனி பேரா இருந்து அது கூடாதுன்னு பிரீமியர் லீக் கிளப்புகளே சட்டை முன்னாடி போடறத நிறுத்த ஒத்துக்கிட்டாங்க. நமக்கு லாட்டரி அனுபவம் இருக்கு. 2003 ஜனவரில தடை வர்றதுக்கு முன்னாடி நம்ம ஏரியால கூலி வாங்கிட்டு நேரா லாட்டரி கடைக்கு போன அப்பாக்கள பெரியவங்கள கேளுங்க சொல்லுவாங்க. தடைக்கு அப்புறமும் மூணு நம்பர் லாட்டரி திருட்டுத்தனமா ஓடுது, ஆனா அப்ப தெருவுக்கு தெரு தோரணம் மாதிரி தொங்கினது இல்ல, அது ஒரு பெரிய வித்தியாசம். கிண்டில குதிரை ரேஸ ஒழிக்க 1974ல சட்டம் போட்டாங்க, அது 22 வருஷம் கோர்ட்ல நின்னு 1996ல சுப்ரீம் கோர்ட் குதிரை ரேஸ் திறமை விளையாட்டுன்னு சொல்லிடுச்சு.

என் கருத்து, லீகல் ஆக்க இப்ப வேணாம். தின வருமானத்துல ஓடற வீடுங்க இருக்கற ஏரியால கைல இருக்கற போனே லைசென்ஸ் வாங்கின சூதாட்ட கடையா ஆனா தாங்காது. அதே நேரம் தடைன்னு பேப்பர்ல எழுதிட்டு கடைசி பையன மட்டும் புடிக்கறதும் வேலைக்கு ஆகாது. காசு எந்த அக்கவுண்ட்ல போகுதுங்கறத அன்னிக்கே புடிக்கணும், விளம்பரம் பண்றவன புடிக்கணும், மேட்ச விக்கறத குற்றமாக்கணும்.

பெரிய பெரிய ஸ்டாருங்களே விளம்பரம் பண்றாங்களே, அப்ப சட்டப்படி சரிதானே?

சரி இல்ல. 2022லயே தகவல் ஒளிபரப்பு அமைச்சகம் ரெண்டு தடவ டிவி, ஆன்லைன் எல்லாத்துக்கும் சொல்லிடுச்சு, பெட்டிங் விளம்பரம் போடாதீங்கன்னு, ஸ்போர்ட்ஸ் நியூஸ்னு பேர மாத்தி வர்றதும் சேத்துதான். மாநில சட்டத்துலயும் விளம்பரத்துக்கு ஒரு வருஷம் ஜெயில், 5 லட்சம் அபராதம் வரைக்கும் இருக்கு. 1எக்ஸ்பெட் ஆப் சம்பந்தமா சுரேஷ் ரெய்னா, ஷிகர் தவான கூட 2025ல அமலாக்கத்துறை கூப்ட்டு விசாரிச்சாங்க. விசாரணைனா குற்றவாளின்னு அர்த்தம் இல்ல, ஆனா அவங்க மூஞ்சிய பாத்து நம்பி ஐடி வாங்கினவனுக்கு யாரும் பதில் சொல்லப்போறதில்ல.

அண்ணா, அக்கவுண்ட குடுத்தா மாசம் காசு தரேன்றாங்க, நான் பெட்டு கட்டவே இல்லயே, குடுக்கலாமா?

குடுக்காத. திருப்பி சொல்றேன், குடுக்காத. காசிமேட்டுல வலை பின்ற வீட்டு பையன், கொருக்குப்பேட்டைல காலேஜ் பீஸ் கட்ட முடியாத பையன், டெலிவரி ஓட்றவன், இவங்களத்தான் தேடி வர்றான். பாஸ்புக்கு, ஏடிஎம் கார்டு, அந்த அக்கவுண்ட்டோட சிம், மூணும் கேப்பான். சிம்ம கேட்டாலே தெரிஞ்சுக்க, ஓடிபி அவன் கைக்கு போகுது, உன் பேருல அவன் என்ன வேணா பண்ணுவான். மேல நான் சொன்ன க்யூஆர்ல வர்ற பேரு இப்படி குடுத்த பேருதான்.

அதுல வெறும் பெட்டிங் காசு மட்டும் வராது. எங்கயோ ஒரு பென்ஷன்காரர ஏமாத்தின சைபர் மோசடி காசும் அதே அக்கவுண்ட் வழியா போகும். அவர் 1930ங்கற சைபர் கிரைம் ஹெல்ப்லைன் நம்பர்ல கம்ப்ளெயிண்ட் குடுத்தா முதல்ல ப்ரீஸ் ஆகறது உன் அக்கவுண்ட், வேற ஸ்டேட் போலீஸ் தேடி வர்றது உன் வீட்டுக்கு. நான் நடத்தல, வாடகைக்கு விட்டேன்னு சொன்னாலும் மோசடிக்கு உடந்தைன்னுதான் கேஸ் போடுவாங்க. இந்த மாதிரி அக்கவுண்ட கண்டுபுடிக்க ரிசர்வ் வங்கி தரப்புல மியூல்ஹண்டர்னு ஒரு கருவியே 2024ல கொண்டுவந்துட்டாங்க. ஏற்கனவே குடுத்திருந்தா இன்னிக்கே பேங்க்குக்கு போய் எழுத்துல குடுத்து கார்டையும் நெட்பேங்கிங்கயும் பிளாக் பண்ணு, ஒரு காப்பில சீல் வாங்கி வெச்சுக்க, சிம்ம கஸ்டமர் கேர்ல பிளாக் பண்ணு. உன்கிட்ட வாங்கினவன் நம்பர், சாட் எதையும் அழிச்சிடாத, வக்கீலோட போய் சைபர் கிரைம்ல நீயே முதல்ல சொல்லு.

பையன் நல்லா மாட்டிக்கிட்டான், வீட்ல கம்மல் கூட சேட்டு கடைல இருக்கு. என்ன பண்றது?

அம்மா, முதல்ல கடன அடைக்கணும்னு இன்னொரு தண்டல் எடுக்காதீங்க. கடன் தீந்துது இனிமே ப்ரீனு அவன் மறுபடி போடுவான், இத எத்தனையோ வீட்ல பாத்தாச்சு. யாருக்கு எவ்ளோ தரணும்னு அவன வெச்சே ஒரு பேப்பர்ல எழுதுங்க, லோன் ஆப், தண்டல், பிரண்டு, அடகு எல்லாம். கொஞ்ச நாளைக்கு சம்பளம் வேற ஒருத்தர் அக்கவுண்ட்டுக்கு வரட்டும், யூபிஐ லிமிட்ட பேங்க் ஆப்லயே கொறைச்சு வெக்கலாம், கடைக்கு வந்தா நானே செஞ்சு தரேன். மீட்டர் வட்டி கேட்டு வீட்டுக்கு வந்து மிரட்டினா 2003 கந்துவட்டி தடை சட்டம் இருக்கு, ஸ்டேஷன்ல புகார் குடுக்கலாம். பெட்டிங் விஷயம் வெளிய வந்துடுமேன்னு பயந்து நெறைய பேர் போறதில்ல, அந்த பயத்த வெச்சுதான் அவன் மிரட்டறான்.

இது திமிரு இல்ல, உலக சுகாதார நிறுவனமே சூதாட்ட பழக்கத்த நோயா பட்டியல்ல வெச்சிருக்கு. ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநல பிரிவு இருக்கு, நம்ம ஏரியாக்கு அதான் கிட்ட, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கு, ரெண்டுமே கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. தூக்கம் இல்லாம, பேசாம, இனிமே நான் இருந்து என்ன பண்ணனு ஒரு வார்த்த வந்தாலும் தனியா விடாதீங்க, 14416 டெலி மானஸ், எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். 104லயும் பேசலாம்.

போன காச திரும்ப வாங்க வழி இருக்கா?

நீயே விரும்பி பெட்டுல போட்டு தோத்தது வராது. ஜெயிச்ச காசு குடுக்காம ஐடிய லாக் பண்ணிட்டான், இல்ல உன் அக்கவுண்ட்ல இருந்து உனக்கு தெரியாம எடுத்துட்டான்னா உடனே 1930க்கு அடிக்கணும், எவ்ளோ சீக்கிரம் சொல்றியோ அந்தளவுக்கு காச நடுவுல நிறுத்த சான்ஸ் இருக்கு. யூடிஆர் நம்பர் (பேமென்ட் ரசீதுல இருக்கற நம்பர்), க்யூஆர்ல வந்த பேரு, ஏஜென்ட் சாட் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு கூப்பிடு. டெலிகிராம்ல உன் காச ரெக்கவரி பண்ணி தரேன், முன்பணமா இவ்ளோ கட்டுனு ஒருத்தன் வருவான், சைபர் கிரைம் ஆபீசர்னு கூட சொல்லிக்குவான், அவனுக்கு ஒரு ரூபா அனுப்பாத. நெஜ போலீஸ் புகார் எடுக்க காசு கேக்காது. கம்ப்ளெயிண்ட் எழுத தெரியலன்னா சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கடைல கூட்டம் கம்மி, வா, உக்காந்து எழுதிடலாம்.